பூச்சிதான் பேசுச்சு

அந்தப் பையக் கீழ வைக்காத தங்கச்சி, யாரோ தண்ணியக் கொட்டி வச்சிருக்காங்க பாரு. மடில வச்சுக்க. ஜன்னலையும் கொஞ்சம் சாத்து. முழுசா வேணாம், பாதி. ஆங், அம்புட்டுப் போதும்.

கை ஏன் இப்படி நடுங்குதுன்னுதான பாத்த? பாத்துட்டு, பாக்காத மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கிட்ட. காய்ச்சல் கீய்ச்சல் இல்ல, ஒட்டிக்கிரும்னு நெனைக்காத. இது பயம். வெறும் பயம். ஆஸ்பத்திரில நல்ல சேதி கேட்டுட்டு வந்து நடுங்குறவ இந்த மதுரை ஜில்லாலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அந்தா, டிரைவருக்குப் பின்னால, நீலக் கட்டம் போட்ட சட்டை, மடில பெரிய கவர வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருல்ல, அவருதான் எங்க வீட்டுக்காரரு. கவருக்குள்ள இருக்கிறது அவரு தலையோட ஸ்கேன் படம். பேரு வீரணன். புருசன் பேரச் சொல்லக்கூடாதும்பாங்க, நான் சொல்லுவேன். கூப்பிடுறதுக்குத்தான பேரு வச்சிருக்கு. ஏங்க, கைய உள்ள எடுங்க, கம்பிக்கு வெளிய என்ன வேலை கைக்கு? பாத்தியா, எடுத்துட்டாரு. ஒரு சொல்லுத்தான். நல்ல மனுசன்.

அவரு மூளைக்குள்ள பூச்சி இருந்துச்சு. இருந்துச்சுங்குறேன், கவனிச்சியா? இன்னைக்குத்தான் டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, சுத்தமாப் போயிருச்சுன்னு சொன்னாங்க. பக்கத்துல நின்ன நர்சுப் பிள்ளைகூடச் சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு. நான் மட்டும் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். ஏன்னா, பூச்சி இன்னும் இருக்கணும்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டுப் போனவ நான். கட்டுன புருசன் தலைல புழு இருக்கணும்னு வேண்டுற பொம்பளைய நீ பாத்திருக்கியா? நல்லாப் பாத்துக்க.

நீ எங்க எறங்கணும்? திருவேடகமா? சரி. நாங்க அதத் தாண்டி சோழவந்தான். அதுக்குள்ள சொல்லிருவேன். யார்கிட்டயாச்சும் சொல்லணும், சொந்தபந்தத்துல சொல்ல முடியாது. ஏன் முடியாதுன்னு போகப்போகத் தெரியும் உனக்கு.

இவரு மதுரைல ஜவுளிக்கடைல சேலை செக்சன்ல இருக்காரு. நீகூடப் போயிருப்ப, பெரிய கடைதான். காலைலேர்ந்து பொழுதடையிற வரைக்கும் சேலைய விரிச்சுப் போட்டு, வாரவுக சொல்றதுக்கெல்லாம் ஆமாங்கம்மா, சரிங்கம்மா. வீட்டுக்கு வந்தாலும் அதேதான். ஆமா தவம், சரி தவம். என் பேரு தவமணி. எங்களுக்குக் கல்யாணம் ஆகி, மகளே காலேஜுக்குப் போகப்போறா, இத்தன வருசத்துல இந்த மனுசன் என்னைய எதுத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்கண்ணன் அவருக்கு வச்ச பேரே புள்ளப்பூச்சி. மண்ணுக்குள்ள இருக்குமே, கையில எடுத்தாக்கூடக் கடிக்காம முழிக்குமே, அது. மச்சான் வந்துட்டாருன்னு சொல்ல மாட்டான், புள்ளப்பூச்சி வந்துருச்சான்னு கேப்பான். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அவரும் சிரிப்பாரு.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள எரியும். பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வாசல்ல வண்டிய நிப்பாட்டுவான், இவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. பஸ்சுல சீட்டப் பிடிச்சுக் குடுத்தா, வேற எவனோ வந்து உக்காந்துக்கிருவான், இவரு கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. போயிக் கேளுங்கன்னு நான் தள்ளி விடணும். இன்ன மாதிரி கேளுங்கன்னு சொல்லியும் விடணும். நான் அதட்டுறவ இல்ல தங்கச்சி. சொல்லுவேன். சொல்றது வேற, அதட்டுறது வேற. ஒரு வீடுன்னா யாராச்சும் சொல்லத்தான செய்யணும். அவருக்குச் சட்டை எடுக்குறதுகூட நான்தான். எது நல்லாருக்கும்னு அவருக்குத் தெரியாது, ஜவுளிக்கடைல இருக்காருன்னுதான் பேரு.

ரத்தம் செத்துப்போச்சு, அதான் மனுசன் இப்படிச் சொரணையில்லாம இருக்காருன்னு எனக்குத் தோணுச்சு. யூடியூப்ல ஒரு வைத்தியர் சொன்னாரு, அருகம்புல் ஜூஸ் வெறும் வயித்துல குடிச்சா ரத்தம் சுத்தமாகும், மனசுல தெம்பு வரும்னு. கடைல விக்கிறத நம்ப முடியுமா? எந்தச் சாக்கடையோரத்துல அறுத்தானோ. அதனால நானே வெள்ளன எந்திரிச்சு வாய்க்காக் கரைக்குப் போயிருவேன். பச்சைப் பசேல்னு கெடக்கும் அங்க. அந்நேரம் கரைல ஆளுக ஒதுங்க வருவாங்க, பன்னி வேற குட்டிகளோட மேஞ்சுக்கிட்டுத் திரியும். எல்லாத்தையும் தாண்டி, மூக்கப் பொத்திக்கிட்டுப் போயி, இளம்புல்லாப் பாத்து அறுத்துட்டு வருவேன். ஒருக்கா அலசிட்டு மிக்சில அடிச்சு, வடிகட்டி, ஒரு டம்ளர். காய்ச்சக்கூடாது, சத்துப் போயிரும். கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிருவாரு. வேணாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. யாருக்காக இம்புட்டுப் பாடு? அவருக்காகத்தான.

ஒரு வருசத்துக்கு மேலயே குடுத்திருப்பேன். அப்பறம் பாத்தா, பலிச்சுருச்சு.

நெசமாத்தான். அப்படித்தான் நெனச்சேன் நானு. மொதல்ல கடைலேர்ந்து ஆரம்பிச்சுச்சு. யாரோ ஒரு அம்மா கத்திரிப்பூக் கலர்ல சேலை எடுத்துத் தோள்ல போட்டுப் பாத்து, நல்லாருக்கான்னு கேட்டிருக்கு. இவரு, இது உங்களுக்கு நல்லா இல்லம்மா, வேற பாருங்கன்னிருக்காரு. அந்தம்மா ஆடிப்போயி, அப்பறம் இவரு எடுத்துக் குடுத்த சேலையவே வாங்கிட்டுப் போச்சாம். வீட்டுக்கு வந்து இத அவரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அவரு வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்ததில்ல. வாசல்ல வண்டி நிப்பாட்டுறவன் வீட்டுக்குப் போயி, நான் சொல்லாமயே, வண்டிய எடுங்க தம்பின்னுட்டு வந்தாரு. எங்கண்ணன் வந்து புள்ளப்பூச்சின்னு கூப்பிட்டப்ப, நிமிந்து பாத்து, மச்சான் என் பேரு வீரணன்னாரு. எங்கண்ணனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எனக்குப் பெருமை தாங்கல. எல்லாம் அருகம்புல்லு செய்யுற வேலைன்னு அண்ணன்கிட்டச் சொன்னேன். மகளுக்கு அதவிடச் சந்தோசம். அப்பா இப்பத்தாம்மா அப்பா மாதிரி இருக்காருன்னா. நிவேதான்னு பேரு, வாய் ஜாஸ்தி அவளுக்கு, யாரு மாதிரின்னு தெரியல.

அப்பறம்தான் கொஞ்சங்கொஞ்சமா வேற மாதிரி ஆக ஆரம்பிச்சுச்சு.

எங்க ஊரு ரயில்வே கேட்டு தெரியுமா உனக்கு? ஒரு நாள் சாயங்காலம் சந்தைக்குப் போயிட்டு ரெண்டு பேரும் வாரோம், கேட்டு அடைச்சிருச்சு. எல்லாரும் நிக்கிறாங்க. நான் கீழ விழுந்த கத்திரிக்காயப் பொறுக்கிப் பையில வச்சுக்கிட்டிருக்கேன், நிமிந்து பாத்தா இவரக் காணோம். கேட்டுக்குக் கீழ குனிஞ்சு அங்கிட்டுப் போயிட்டாரு. தண்டவாளத்து மேல நிக்கிறாரு. நின்னு, செருப்பு வாரு அந்து போச்சுன்னு குனிஞ்சு பாக்குறாரு. அந்தப் பக்கம் வண்டி வாரது எனக்குத் தெரியுது. ஊதுறான், ஊதுறான், விடாம ஊதுறான். கேட்டுல நின்ன சனமெல்லாம் கத்துது. நான் பையக் கீழ போட்டுட்டுக் கேட்டப் பிடிச்சு உலுக்குறேன். இவரு அந்தச் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, சந்தைல நடக்குற மாதிரி பைய நடந்து இங்கிட்டு வாராரு. வந்து நின்னதும் பின்னால வண்டி தடதடன்னு போகுது. காத்துல அவரு சட்டை பறக்குது. மொகத்துல ஒரு சிரிப்பு. என்னங்க இப்படிப் பண்ணீட்டீங்கன்னு நான் அழுறேன், அவரு சொல்றாரு, எனக்குப் பயமே வரல தவம், வருமா வருமான்னு பாத்தேன், வரலங்குறாரு.

அந்தச் சிரிப்பப் பாத்துத்தான் நான் மொத மொதல்ல பயந்தேன். வண்டியப் பாத்துக்கூட இல்ல. அந்த மொகம் யாரோ மொகம் மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்பறம் அவரு படியில எறங்குனா எனக்குப் பயம், அடுப்படிக்கு வந்தாப் பயம். ஒருக்கா கொதிக்கிற எண்ணெய்க்குள்ள விரல விடப் போயிட்டாரு, சூடு இருக்கா பாக்கலாம்னு. கத்தி, அருவாமனையெல்லாம் பரண்ல ஏத்தி வச்சேன். சில நேரம் பேசிக்கிட்டே இருக்கும்போது பேச்சு நின்னுபோகும். கண்ணு தொறந்திருக்கும், ஆளு இருக்க மாட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு எதோ கருகுது, அடுப்பப் பாரும்பாரு. அடுப்புல ஒண்ணுமே இருக்காது. மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனேன், கையில கயிறு கட்டுனாங்க. கயிறு கட்டுனவனப் பாத்து, உனக்கே சளி பிடிச்சிருக்கு, மொதல்ல உனக்கு மாத்திரை வாங்கிப் போடுன்னுட்டு வந்தாரு.

இப்ப சொல்லப்போறதுதான் விசயம். கொஞ்சம் கிட்ட வா, அங்கிட்டுக் கேக்கும்.

எங்கண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபம் நெறைய சனம். எங்க பொறந்த வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் இருக்காங்க. பந்தில இவரு உக்காந்திருக்காரு, நான் எதுத்தாப்புல நின்னு பரிமாறிக்கிட்டிருக்கேன். இவரு எலையில அப்பளம் இல்ல. அப்பளம் கேட்டு வாங்குங்க, வாயத் தொறந்து கேக்க மாட்டீங்களான்னேன். சாதாரணமாச் சொன்னதுதான். இவரு எச்சிக் கையோடயே எந்திரிச்சுட்டாரு. எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு.

எனக்கு இவளப் பாத்தா பயம். கல்யாணம் ஆனதுலேர்ந்து பயம். வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே நின்னு, உள்ள பாத்திரம் எப்படி விழுகுதுன்னு கேப்பேன். சத்தத்த வச்சே தெரிஞ்சுக்குவேன், இன்னைக்கு எப்படின்னு. சில நாள் தெருவ ஒரு சுத்துச் சுத்திட்டு அப்பறமாப் போவேன். சோத்துல உப்பு இல்லாட்டியும் நல்லாருக்கும்பேன். இந்தப் பயத்தோடதான் இவகூட இத்தன வருசம் இருந்தேன். இப்பப் பயம் போயிருச்சு. அதான் சொல்றேன்னாரு.

சனம் சிரிச்சுச்சு. எங்க மதினி முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்குது. பொண்டாட்டிக்குப் பயப்படாதவன் எவன் மாப்ளன்னு எவனோ சொல்றான். அவரு மட்டும் சிரிக்கல. என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு, கோவமெல்லாம் இல்ல, பொறுமையா, கடைல சேலையப் பத்திச் சொல்ற மாதிரி. நான் கையில சாம்பார் வாளியோட நிக்கிறேன்.

அப்பறம் அவரு வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு. கையி வெட்டி வெட்டி இழுக்குது. அப்படியே பந்தியில சாஞ்சு, எலையெல்லாம் இழுத்துக்கிட்டுக் கீழ விழுந்தாரு. நுரை தள்ளுது. எவனோ சாவிக்கொத்தக் கையில குடுத்தான். எங்கண்ணன்தான் கார்ல தூக்கிப் போட்டு மதுரைக்குக் கொண்டாந்தான்.

ஸ்கேன் எடுத்தாங்க. படத்துல நெத்திக்குப் பின்னால வெள்ளை வெள்ளையா, பொரிகடலை கணக்கா, நடுவுல ஒரு புள்ளியோட. டாக்டரம்மா சின்ன வயசுதான், பொறுமையாச் சொன்னாங்க. நாடாப்புழு முட்டையாம். வயித்துக்குள்ள போயி, குஞ்சு பொரிச்சு, ரத்தத்துல ஏறி, மூளைல போயி உக்காந்து கூடு கட்டிக்கிருமாம். எங்க வீட்டுல பன்னிக்கறி ஏறவே ஏறாது டாக்டர்னேன். கறியால இது வாரதில்லம்மா, புழு இருக்குற ஆளு வெளிய போற எடத்துல முட்டை விழும், அது மண்ணுல, தண்ணில, கீரைல ஒட்டிக்கிட்டு, சரியாக் கழுவாம பச்சையாச் சாப்பிடுறவங்களுக்கு உள்ள போயிரும், சைவமா இருக்கிறவங்களுக்குக்கூட வரும்னாங்க. பச்சையா என்ன சாப்பிடுவாருன்னு கேட்டாங்க. எங்க வீட்டுலயா? கேரட்டு, வெள்ளரிக்கா எதுவானாலும் மஞ்சத்தூளும் உப்பும் போட்டு ஊறவச்சுக் கழுவித்தான் குடுப்பேன்னேன். கடைப்பக்கம் சட்னி கிட்னி தின்னுருப்பாருன்னேன். இனிமே பச்சையா எந்தச் சாப்பாடும் குடுக்காதீங்கன்னாங்க. அன்னையோட கேரட்ட நிறுத்துனவதான், வீட்டுப் பக்கமே வரவிடல. ஜூஸ் மட்டுந்தான். அது மருந்து, சாப்பாட்டுல சேராது. இன்னைக்குக் காலைலகூட ஒரு டம்ளர் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன்.

என்ன, அப்படி முழிக்கிற? புல்லு எந்த வாய்க்காலுன்னா கேக்குற? அத விடு, ஊருக்கே அந்த வாய்க்காதான். நான் சொல்றதக் கேளு.

எனக்கு வேண்டியது வேற கேள்வி. டாக்டரம்மாவத் தனியாப் பிடிச்சுக் கேட்டேன். இவரு கொஞ்ச நாளா என்னென்னமோ பேசுறாரே, நடக்குறாரே, அதெல்லாம் இதாலயான்னு. ஆமாம்மா, இருக்கும்னாங்க. மனுசனுக்குப் பயத்துக்குன்னு மூளைல ஒரு எடம் இருக்காம். வாயக் கட்டி வைக்கிறதுக்குன்னு நெத்திக்குப் பின்னால ஒரு எடமாம். அங்க பூச்சி உக்காந்து வீங்கிருச்சுன்னா, மூளைல சுரக்குற ரசாயனமெல்லாம் முன்னபின்ன ஆயி, ஆளே மாறிப்போவாங்களாம். சில பேரு காரணமில்லாம அழுவாங்களாம், சில பேரு ஊரையே சந்தேகப்படுவாங்களாம், சில பேருக்குப் பயம் விட்டுப்போயிருமாம். அப்ப அவரு சொன்னதெல்லாம் பூச்சி சொன்னதுதானன்னு கேட்டேன். அப்படியும் இருக்கலாம், உள்ளயே இருந்தது பூட்டு ஒடஞ்சு வெளிய வந்ததாவும் இருக்கலாம், ஸ்கேனப் பாத்து அதச் சொல்ல முடியாதும்மான்னாங்க.

இருக்கலாம்னு சொன்னாங்கள்ல. எனக்கு அது போதும். ஆஸ்பத்திரி வராண்டாலயே உக்காந்து, காதுகுத்துக்கு வந்திருந்தவுக ஒருத்தர் விடாமப் போன் போட்டேன். மதினிக்கு, அண்ணனுக்கு, திருமங்கலத்துச் சித்திக்கு, எல்லாருக்கும். அவரு பேசல, பூச்சிதான் பேசுச்சு, டாக்டரே சொல்லிட்டாங்கன்னேன். அய்யோ பாவம், அதான பாத்தோம், வீரணனாவது அப்படிப் பேசுறதாவதுன்னாங்க. அன்னைக்குப் போன வச்சுட்டு நான் அழுதேன் பாரு, நிம்மதில அழுதேன். புருசன் மூளைல புழு இருக்குன்னு கேட்டு நிம்மதியா அழுதவ.

மொதல்ல வீக்கம் வத்துறதுக்கு மாத்திரை, அப்பறம் பூச்சி மாத்திரை, கூடவே வலிப்புக்கு. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் குடுக்குறாங்கள்ல, அதே பூச்சி மாத்திரைதான். ஆனா நாமளா வாங்கிப் போட்டுறக்கூடாதாம், மூளைல பூச்சி மொத்தமாச் செத்தா உள்ள வீங்கி உசுருக்கே வந்துருமாம். ஆஸ்பத்திரில படுக்கவச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன். குடுக்க வேண்டியத வேளை தவறாமக் குடுத்தேன். பூச்சி சாகச் சாக, ஆளு பழையபடி ஆக ஆரம்பிச்சாரு. கேட்டு அடைச்சிருந்தா நிக்கிறாரு. எண்ணெய்ச் சட்டியக் கண்டா ஒதுங்குறாரு. ஆமா தவம், சரி தவம். வாசல்ல திரும்ப வண்டி நிக்கிது, இவரு ஒண்ணும் கேக்குறதில்ல. நிவேதாதான் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா. நான் எனக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். அம்புட்டும் முடிஞ்சுபோச்சு, என் வீட்டுக்காரரு எனக்கு வந்துட்டாருன்னு.

போன மாசம் நான் சோறு வடிச்சுக்கிட்டிருந்தேன். அடுப்படி நெலைல வந்து நிக்கிறாரு. என்னன்னேன். தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடிச்சாரு. அப்பறம் சின்னக் கொரல்ல, அன்னைக்குக் காதுகுத்துல அப்படிச் சத்தமாச் சொல்லியிருக்கக்கூடாது தவம், தப்புத்தான்னாரு. சொல்லிட்டுப் போயிட்டாரு.

நானும் சரி விடுங்கன்னுட்டு வடிச்சேன். கஞ்சி கையில ஊத்துனப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. சொன்னது தப்புன்னு சொல்லல தங்கச்சி. சத்தமாச் சொன்னது தப்புன்னு சொல்றாரு. பூச்சி பேசுச்சுன்னு ஊரெல்லாம் நான் சொல்லி வச்சிருக்கேன், அவரு ஒரு நாளும் அப்படிச் சொல்லல. அன்னையிலேர்ந்து ஒரே வேண்டுதல். தாயே, ஒரு பூச்சியாச்சும் உசுரோட இருக்கட்டும், இதையும் அதுவே சொல்லியிருக்கட்டும். அடுத்த ஸ்கேன்ல ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும், உனக்குத் தீச்சட்டி எடுக்குறேன்.

இன்னைக்குப் பாத்தா ஒண்ணுமில்ல. கடுகு மாதிரி ஒரு தழும்புதான் கெடக்காம், செத்துச் சுண்ணாம்பாப் போனது. நான் விடல. அந்தத் தழும்பு மனுசனப் பேச வைக்குமா டாக்டர்னு கேட்டேன். அந்தம்மாவுக்குப் புரியல. அதால வலிப்பு வேணா வரலாம், அதுக்குத்தான் மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு சொல்றேன், பேச்செல்லாம் அதுலேர்ந்து வராதும்மா, இனிமே அவரு பேசுறதெல்லாம் அவரு பேசுறதுதான், சந்தோசமாப் போயிட்டு வாங்கன்னாங்க.

இப்பச் சொல்லு, நான் நடுங்குறதுல தப்பு இருக்கா?

இத்தன வருசமா என் பக்கத்துல உக்காந்து சோறு தின்ன மனுசன், பயத்தோடயா தின்னாரு? குழம்பு நல்லாருக்குன்னு சொன்னாரே தினமும். நிவேதா பொறந்தப்ப, உனக்குப் பிடிச்ச பேரு வை, எனக்கும் அதுதான் பிடிச்சிருக்குன்னாரே. எனக்கு டைபாய்டு வந்து கெடந்தப்ப காலடியிலயே உக்காந்திருந்தாரே, அதாச்சும் ஆசையா, இல்ல அதுவும் பயந்தானா? ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாக்குறேன். எது பயம், எது அவருன்னு பிரிக்கத் தெரியல எனக்கு. டாக்டருக்கே தெரியலங்குறாங்க. நான் யாரையும் அடிச்சனா? பட்டினி போட்டனா? பாத்திரம் வச்சா சத்தம் கேக்கத்தான் செய்யும். சத்தம் போடாத பாத்திரம் எந்த வீட்டுல இருக்கு?

இப்ப எனக்கு வாயத் தொறக்கவே பயமா இருக்கு. ஆனா அது பாட்டுக்குத் தொறந்துக்கிருது. ஏங்க, வெயில் அடிக்குது பாருங்க, இங்கிட்டு நிழல்ல வந்து உக்காருங்க. ஆமா, இந்த முன்சீட்டு காலியாத்தான் இருக்கு. வாங்க.

தங்கச்சி, எனக்கு ஒரு உதவி பண்ணு. நீ எறங்குறதுக்கு முன்னாடி உன்னைய வச்சுக்கிட்டுக் கேட்டுர்றேன். தனியாக் கேட்டா, வீட்டுக்குப் போனதும் அவரு அப்படிச் சொல்லலன்னு நானே எனக்குச் சொல்லிக்கிருவேன். நீ மூணாம் மனுசி, நீ கேட்டது கேட்டதாவே இருக்கும். இரு, எந்திரிக்காத, திருவேடகம் இன்னும் வரல.

உக்காருங்க. இது தெரிஞ்ச பிள்ளைதான். எல்லாம் சொல்லியிருக்கேன், ஒண்ணும் வெக்கப்படாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். எதையும் மறைக்கக்கூடாது, உள்ளது உள்ளபடி சொல்லணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்னையப் பாத்தா உங்களுக்குப் பயமா?

என்னது? வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நல்லாச் சொல்லுங்க.

உனக்குக் கேட்டுச்சா தங்கச்சி? கேட்டிருக்கும், நீதான் கிட்ட இருக்க.

"நான் என்ன சொல்லணும்னு சொல்லு தவம், அதையே சொல்லிர்றேன்"ங்குறாரு.